ஆறு ஸ்பீக்கர், இரண்டில் மட்டும் சத்தம்: யூஎஸ்பி ஒலி அடப்டரில் 5.1 எங்கே தொலைகிறது?

பழைய டெஸ்க்டொப் கணினிகளின் பின்புறத்தில் பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று ஜாக்குகள் வரிசையாக இருந்தன. 5.1 ஸ்பீக்கர் செட்டின் மூன்று வயர்களையும் நிறம் பார்த்துச் சொருகினால் வேலை முடிந்தது. இன்றைய லப்டொப்பில் இருப்பது ஹெட்செட்டுக்கான ஒரே ஒரு துளை. வீட்டில் நல்ல நிலையில் 5.1 செட் இருப்பவர்கள் யூஎஸ்பி ஒலி அடப்டரை, அதாவது யூஎஸ்பி துளையில் சொருகினால் ஒலி ஜாக்குகளைத் தரும் சிறு கருவியை, தேடிப் போவது இதனால்தான். திருகோணமலை நகரில் வாங்கினாலும் கொழும்பிலிருந்து தபாலில் வரவழைத்தாலும், சொருகிய பிறகு வரும் கேள்விகள் ஒன்றேதான்: முன் இரண்டில் மட்டும் ஏன் சத்தம்? படத்தில் பேச்சு ஏன் கேட்கவில்லை? இடையிடையே ஏன் ‘டிக் டிக்’ என்கிறது?

டிரைவரை அழித்துத் திரும்பப் போடுங்கள் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் ஆலோசனை. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஒலி ஐந்து இடங்களைக் கடந்து காதுக்கு வருகிறது: கோப்பு, பிளேயர், விண்டோஸ், அடப்டர், அதன் பிறகு வயரும் ஸ்பீக்கர் செட்டும். இவற்றில் ஏதாவது ஓர் இடம் ஆறு சனலை (தனித்தனி ஒலி வழிகளை) இரண்டாகச் சுருக்கிவிட்டால், அதற்கு அப்பால் எந்த அமைப்பை மாற்றினாலும் அந்த ஆறு திரும்பி வராது. ஆறு எந்த இடத்தில் இரண்டானது என்று கண்டுபிடித்தால் திருத்தம் பெரும்பாலும் ஒரு நிமிட வேலை.

5.1 என்பதன் கணக்கு

5 என்பது முழு ஒலி கொண்ட ஐந்து சனல்கள்: முன் இடது, முன் வலது, சென்டர், சரவுண்ட் (பின்னால் அல்லது பக்கத்தில்) இடது, சரவுண்ட் வலது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1 என்பது சப்வூஃபர் என்னும் தாழ்சுருதி ஸ்பீக்கருக்குப் போகும் எல்எஃப்இ என்னும் தாழ்சுருதிச் சனல். ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வுகளை மட்டும் அது சுமப்பதால் முழு எண்ணாகக் கணக்கிடப்படுவதில்லை. 7.1 என்றால் பக்கவாட்டில் இன்னும் இரண்டு சேரும்.

ஒரு 3.5 மில்லிமீற்றர் ஜாக் இரண்டு சனல்களைத்தான் சுமக்கும். பிளக்கின் நுனி ஒன்று, நடு வளையம் மற்றொன்று, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். எனவே ஆறு சனலுக்கு மூன்று ஜாக் வேண்டும்.

1. பச்சை: முன் இடது, முன் வலது.
2. கறுப்பு: பின் இடது, பின் வலது.
3. செம்மஞ்சள்: நுனியில் சென்டர், வளையத்தில் சப்வூஃபர்.
4. சாம்பல்: 7.1 கருவிகளில் மட்டும், பக்க இடது, பக்க வலது.

இளஞ்சிவப்பு மைக்குக்கும் நீலம் லைன்-இன்னுக்கும் உரியவை. அவற்றில் ஸ்பீக்கர் வயரைச் சொருகினால் ஒன்றும் கெட்டுப்போகாது, சத்தமும் வராது.

பெட்டியில் ‘7.1’ என்று அச்சடித்திருந்தால் போதுமா?

போதாது. வாங்கும் முன் துளைகளை எண்ணுங்கள். கட்டைவிரல் அளவுக் குச்சி, அதில் ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை, மேலே ‘வேர்ச்சுவல் 7.1’ என்ற எழுத்து: இந்த வகைதான் சந்தையில் அதிகம். இதற்குள் இருப்பது சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்108 போன்ற இரு சனல் சிப். மென்பொருள் எட்டுச் சனலைக் கலந்து, ஹெட்போனில் கேட்கும்போது பின்னாலிருந்து வருவதுபோல ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. ஹெட்போனுக்கு அது பொருந்தலாம். ஆறு ஸ்பீக்கருக்கு இதிலிருந்து ஆறு தனிச் சனல் எந்த வழியிலும் வராது. ஒரு துளையை மூன்றாகப் பிரிக்கும் வயர் வாங்கிப் போட்டால், அதே இரண்டு சனல் மூன்று இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும். சென்டரில் இடப்பக்கமும் சப்வூஃபரில் வலப்பக்கமும் ஒலிக்கும்.

உண்மையான பலசனல் அடப்டர் சிறு சோப்புக்கட்டி அளவில் இருக்கும். குறைந்தது மூன்று, பெரும்பாலும் நான்கு ஒலி வெளியீட்டு ஜாக்குகள் இருக்கும். விலை குறைந்தவற்றில் அடிக்கடி காணப்படுவது சிஎம்6206 என்ற சிப். எட்டுத் தனிச் சனல்களைத் தரக்கூடியது.

யூஎஸ்பி வயருக்குள் எவ்வளவு போகும்?

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் ‘24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ்’ ஏன் கிடைக்கவில்லை என்று குழம்புகிறார்கள். யூஎஸ்பி ஒலிக்கான முதல் பொதுத் தரம் 1998இல் வந்தது. அதைப் பின்பற்றும் மலிவான அடப்டர்கள் விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஒவ்வொரு மில்லிவிநாடிக்கும் ஒரு ஒலிப் பொதி போகும். ஒரு பொதியில் அதிகபட்சம் 1,023 பைட். 48 கிலோஹேர்ட்ஸ் ஒலியில் ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு சனலுக்கு 48 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்). 16 பிட் என்றால் மாதிரிக்கு 2 பைட், 24 பிட் என்றால் 3 பைட்.

1. 6 சனல், 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ்: 6 × 48 × 2 = 576 பைட். போகும்.
2. 8 சனல், 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ்: 768 பைட். போகும்.
3. 6 சனல், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ்: 864 பைட். போகும்.
4. 8 சனல், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ்: 1,152 பைட். போகாது.
5. 6 சனல், 16 பிட், 96 கிலோஹேர்ட்ஸ்: இதுவும் 1,152. போகாது.

அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டாம் தரத்தைப் பின்பற்றும், 480 மெகாபிட் வேகக் கருவி வேண்டும். அதற்கான டிரைவரை விண்டோஸ் 10 தன்னுள்ளே சேர்த்துக்கொண்டது 2017இல் வந்த 1703 பதிப்பில்தான். அதற்கு முந்திய விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவர் கட்டாயம். படம் பார்க்கவும் கேம் விளையாடவும் 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தாராளம். டிவிடியின் ஒலியே 48 கிலோஹேர்ட்ஸில்தான் வருகிறது.

சோதிக்கும் ஒழுங்கு

படத்தைப் போட்டுப் பார்த்து ‘வரவில்லை’ என்று முடிவெடுக்க வேண்டாம். படத்தில் அந்த நிமிடம் பின் சனலில் ஒன்றுமே இல்லாமலிருக்கலாம். விண்டோஸ் தரும் சோதனை ஒலி கோப்பையும் பிளேயரையும் தாண்டி நேரே அடப்டருக்குப் போகிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

1. அடப்டரை ஹப் வழியாக இல்லாமல் லப்டொப்பின் யூஎஸ்பி துளையிலேயே நேராகச் சொருகுங்கள். வொலியூமைக் கால்பங்குக்குக் குறையுங்கள்.

2. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘சவுண்ட்’, அதன் அடியில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’. பழைய விண்டோஸில் ‘கொன்ட்ரோல் பனல்’ வழியாக ‘சவுண்ட்’. ‘பிளேபக்’ பகுதியில் யூஎஸ்பி கருவியைத் தெரிவு செய்து ‘செட் டிஃபோல்ட்’ கொடுங்கள்.

3. அதே இடத்தில் ‘கொன்ஃபிகர்’ பட்டனை அழுத்துங்கள். பட்டியலில் ‘5.1 சரவுண்ட்’ இருக்கிறதா? ‘ஸ்டீரியோ’ மட்டும்தான் என்றால், கருவி தன்னை இரு சனல் என்று விண்டோஸிடம் அறிவித்திருக்கிறது. அது மேலே சொன்ன குச்சி வகையாக இருக்கலாம். மூன்று நான்கு துளை உள்ள கருவி என்றால் மட்டும், இந்த இடத்தில் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு.

4. 5.1 என்பதைத் தெரிவு செய்து, படத்திலுள்ள ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள். எது எங்கே ஒலித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘முன் இடது: சரி. சென்டர்: சப்வூஃபரில் உறுமியது. பின் இடது: மௌனம்.’ இந்த ஆறு வரிக் குறிப்பே பாதி நோயறிதல்.

5. மௌனமாக இருந்த ஜாக்கில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண ஹெட்போனைச் சொருகுங்கள். கறுப்பில் சொருகிப் பின் இடதைச் சொடுக்கினால் இடக்காதில் கேட்க வேண்டும். செம்மஞ்சளில் சொருகினால் சென்டர் இடக்காதிலும், சப்வூஃபரின் உறுமல் வலக்காதிலும் வரவேண்டும். சத்தம் மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை. கேட்டால் அடப்டர் நலம். குறை வயரிலோ ஸ்பீக்கர் செட்டிலோ இருக்கிறது.

6. மறுபக்கத்தையும் சோதியுங்கள். ஹெட்போன் துளை உள்ள ஃபோனில் ஒரு பாட்டைப் போட்டு, ஸ்பீக்கர் செட்டின் கறுப்பு வயரை ஃபோனில் சொருகுங்கள். பின் ஸ்பீக்கர் இரண்டும் பாட வேண்டும். செம்மஞ்சள் வயரைச் சொருகினால் சென்டரும் சப்வூஃபரும். இப்படிப் பாடினால் ஸ்பீக்கர் செட் நலம்.

ஐந்தாம், ஆறாம் படிகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். அடப்டரா, செட்டா என்ற சந்தேகம் அத்தோடு தீர்ந்துவிடும்.

ஹோம் தியேட்டர் வகைச் செட்டுகளில் 3.5 ஜாக்குக்குப் பதிலாகப் பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள் (பழைய டிவி, டிவிடி பிளேயரில் உள்ள வட்டத் துளைகள்) இருக்கும். அதற்கு, ஒரு முனையில் 3.5 பிளக்கும் மறுமுனையில் வெள்ளை, சிவப்பு ஆர்சிஏயும் கொண்ட வயர் மூன்று வேண்டும். வெள்ளை நுனியோடும் சிவப்பு வளையத்தோடும் சேர்ந்திருக்கும். எனவே செம்மஞ்சள் ஜாக்கிலிருந்து வரும் வெள்ளை சென்டருக்கு, சிவப்பு சப்வூஃபருக்கு. சொருகிவிட்டு ரிமோட்டில் உள்ளீட்டை 5.1 அல்லது டிவிடி என்று மாற்ற மறந்துவிடுவார்கள். அது ‘ஆக்ஸ்’ அல்லது புளூடூத்தில் நின்றால் ஆறு வயரும் சும்மா தொங்கும். புளூடூத் வழியாக வருவது எப்போதும் ஸ்டீரியோதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

*படத்தில் பேச்சு மட்டும் கேட்கவில்லை.* இதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு, இரண்டையும் பிரித்தறிய வேண்டும். 5.1 படத்தில் வசனம் பெரும்பாலும் சென்டர் சனலில்தான் இருக்கிறது. விண்டோஸில் 5.1 என்று வைத்துவிட்டு முன் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் இணைத்திருந்தால், விண்டோஸ் வசனத்தைச் சென்டருக்கு அனுப்பும், அங்கே ஆளில்லை. பின்னணி இசை அழகாகக் கேட்கும், வாய் மட்டும் அசையும். இணைத்திருக்கும் ஸ்பீக்கர் எத்தனையோ அதையே ‘கொன்ஃபிகர்’ பகுதியிலும் சொல்லுங்கள். ஸ்டீரியோ என்று மாற்றினால் சென்டர் இரு பக்கத்துக்கும் பகிர்ந்து கலக்கப்படும்.

இரண்டாவது காரணம் எர்த் தொடர்பு விட்டுப்போவது. பிளக் முழுதாக உள்ளே போகாமல் அரைகுறையாக நிற்கும்போதும், நான்கு பிரிவுள்ள பிளக்கை மூன்று பிரிவுத் துளையில் போடும்போதும் இது நடக்கும். பழைய வீடியோ கமராவோடு வந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரை எடுத்துப் போட்டால் இந்தத் தொல்லை வர நிறைய இடமுண்டு. அதில் எர்த் இருக்கும் இடம் வேறு. பொது எர்த் இல்லாவிட்டால் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். பாடகரின் குரல் இரண்டு பக்கத்திலும் சமமாக இருப்பதால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கேட்டால் அடையாளம் தெரியும்: குரல் போய்விடும், வயலினும் எதிரொலியும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து மிதக்கும், பிளக்கை அரை மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால் ‘டப்’ என்று குரல் நடுவில் வந்து நிற்கும்.

பிரித்தறிய ஒரு சாதாரண ஸ்டீரியோப் பாட்டைப் போடுங்கள். பாட்டில் குரல் சரியாக இருந்து படத்தில் மட்டும் இல்லையென்றால் சென்டர் பிரச்சினை. பாட்டிலும் குரல் இல்லையென்றால் எர்த்.

*சென்டரும் சப்வூஃபரும் இடம் மாறியிருக்கின்றன.* வசனம் சப்வூஃபரில் முணுமுணுக்கும், சென்டர் உறுமும். செம்மஞ்சள் ஜாக்கின் நுனி, வளைய ஒழுங்கை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரேபோல வைப்பதில்லை. சில டிரைவர் பனல்களில் இரண்டையும் மாற்றிவைக்கும் பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் ஆர்சிஏ வயரில் வெள்ளையையும் சிவப்பையும் மாற்றிச் சொருகினால் முடிந்தது. 3.5 வயர் மட்டும்தான் என்றால், ஒரு முனை 3.5 துளையும் மறுமுனை இரண்டு ஆர்சிஏயும் கொண்ட துண்டு, அதன் எதிர்த் துண்டு (இரண்டு ஆர்சிஏ துளையும் 3.5 பிளக்கும்), இரண்டையும் குறுக்காகச் சேர்த்து நடுவில் போடலாம்.

*பின் ஸ்பீக்கர் மௌனம். ஆனால் கறுப்பு ஜாக்கில் ஹெட்போனிலும் ஒன்றுமில்லை.* 7.1 கருவியில் இது அதிகம். விண்டோஸ் 5.1இல் இரு வகை வைத்திருக்கிறது: சரவுண்டைப் பின்னால் வைப்பது ஒன்று, பக்கத்தில் வைப்பது மற்றொன்று. பக்க வகையில் ஒலி சாம்பல் ஜாக்கில் போய் நிற்கலாம். கறுப்பு வயரைச் சாம்பலுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது பட்டியலில் இருக்கும் மற்ற 5.1ஐத் தெரிவு செய்யுங்கள். தயாரிப்பாளரின் பனல் தனியாக இருந்தால் அதிலும் ஸ்பீக்கர் எண்ணிக்கை இருக்கும், விண்டோஸில் 5.1, பனலில் 2 என்றால் பனல் சொல்வதே நடக்கும். அந்தப் பனலில் வேர்ச்சுவல், என்விரொன்மென்ட், கரோக்கி என்று இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உண்மையான ஆறு ஸ்பீக்கருக்கு அவை ஒன்றும் சேர்ப்பதில்லை. விண்டோஸின் ‘ஸ்பேஷியல் சவுண்ட்’ வசதியும் அதுபோலவே ‘ஒஃப்’ என்றிருக்கட்டும்.

*சோதனை ஒலி ஆறிலும் சரி, படத்தில் மட்டும் இரண்டு.* அடப்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விஎல்சியில் ‘டூல்ஸ்’, ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ஒலித்தடத்தின் சனல் விபரம் இருக்கும். ‘ஸ்டீரியோ’ என்றிருந்தால் கோப்பிலேயே இரண்டுதான். 5.1 தடம் என்றால் முன் மூன்று, பின் இரண்டு, எல்எஃப்இ என்று சுருக்கக் குறியாகக் காட்டும். ஒரு கோப்பில் இரண்டு மூன்று ஒலித்தடம் இருப்பதும் உண்டு. தமிழ்த் தடம் ஸ்டீரியோவாகவும் வேறு மொழித் தடம் 5.1 ஆகவும் இருக்கலாம். ‘5.1 பாட்டு’ என்ற பெயரில் கைமாறும் எம்பி3 கோப்புகளில் இருப்பது இரண்டு சனல்தான். உலாவியில் ஓடும் காணொளிகளும் பெரும்பாலும் ஸ்டீரியோ. இவற்றைப் பின் ஸ்பீக்கரிலும் கேட்க ஆசையென்றால் செட்டின் ரிமோட்டில் உள்ள ஸ்டீரியோ விரிப்புப் பட்டன் அதைச் செய்யும். ஆனால் அது நகல் எடுப்பது, சரவுண்ட் அல்ல.

*சப்வூஃபர் பாட்டில் மௌனம்.* ஸ்டீரியோவில் எல்எஃப்இ சனலே கிடையாது. ‘கொன்ஃபிகர்’ பகுதியின் கடைசிப் பக்கத்தில் முன் ஸ்பீக்கர்களை ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று குறித்திருந்தால் அந்தக் குறியை எடுத்துப் பாருங்கள். பல செட்டுகளில் தாழ்சுருதியைப் பிரிக்கும் வேலை சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே நடப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

ஒப்டிகல் துளை: ஒரு தனிக் குழப்பம்

அடப்டரில் சிவப்பு ஒளி வரும் ஒப்டிகல் துளை இருந்தால் ஒரே வயரில் வேலை முடியும் என்று தோன்றும். அந்த வழியில் சுருக்காத ஒலி இரண்டு சனல் மட்டுமே போகும். 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் அது விநாடிக்கு 1.536 மெகாபிட். ஆறு சனலுக்கு 4.608 மெகாபிட் வேண்டும், அது ஒப்டிகலின் கணக்கில் இல்லை. அதனால்தான் டோல்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் ஒலியைச் சுருக்கிக் கட்டி அனுப்புகின்றன. டோல்பி டிஜிட்டலின் உச்சம் 640 கிலோபிட்.

விளைவு இது: படக்கோப்பில் டோல்பி டிஜிட்டல் தடம் இருந்து, பிளேயரில் ‘பாஸ்த்ரூ’ (தடத்தை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பும் அமைப்பு) போட்டு, மறுமுனையில் அதை அவிழ்க்கத் தெரிந்த ரிசீவரும் இருந்தால் 5.1 வரும். கேம் விளையாடினால் ஸ்டீரியோ மட்டும் வரும். கேம் தருவது கட்டாத ஆறு சனல். அதை ஓடும்போதே கட்டித்தர ‘டோல்பி டிஜிட்டல் லைவ்’ அல்லது ‘டிடிஎஸ் கனெக்ட்’ வசதி அடப்டரின் டிரைவரில் வேண்டும், மலிவானவற்றில் அது இருப்பதில்லை. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ‘பாஸ்த்ரூ’ போட்ட நிலையில் மூன்று ஜாக் வழியாகக் கேட்க முயன்றால் மௌனமோ கரகரப்போதான் வரும். ஜாக் என்றால் ‘பாஸ்த்ரூ’ அணைந்திருக்க வேண்டும்.

‘டிக் டிக்’ வேறு, ‘ம்ம்ம்’ வேறு

இரண்டையும் ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல்லில் சொல்வதால் தவறான மருந்து போடப்படுகிறது.

சொடக்கும் வெட்டும் யூஎஸ்பி பக்கத்தது. ஒலிப் பொதிகள் நேரம் பிந்தினாலோ கெட்டாலோ யூஎஸ்பி அவற்றைத் திரும்ப அனுப்புவதில்லை. விநாடிக்கு ஆயிரம் பொதியில் ஒன்று தவறினாலும் காதில் ‘டிக்’ என்று கேட்கும்.

1. மின்சாரம் இல்லாத ஹப்பைத் தவிருங்கள். கணினியின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தரும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் ஒரு துளைக்குத் தரப்படி 100தான்.
2. நீட்டிப்பு வயர் சேர்த்து மொத்த நீளம் 5 மீற்றரைத் தாண்டக்கூடாது. ஸ்பீக்கர் தூரத்தில் இருந்தால் ஒலி வயரை நீட்டுங்கள், யூஎஸ்பி வயரை அல்ல.
3. ‘பவர் ஒப்ஷன்ஸ்’ பகுதியில் ‘யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பென்ட்’ அணையுங்கள். சிறிது நேரம் மௌனமாக இருந்தபின் பாட்டின் முதல் விநாடி விழுங்கப்படுவதும் ‘பட்’ என்ற ஒலியும் இதனால் வருபவை.
4. ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் 16 பிட், 48000 ஹேர்ட்ஸ் வையுங்கள்.
5. இன்னும் சொடக்கினால் வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். நின்றால் வைஃபை டிரைவர் கணினியின் நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. புதுப்பிக்க வேண்டியது அதைத்தான்.

தொடர்ந்து ஒரே சுருதியில் வரும் உறுமல் மின்சாரப் பக்கத்தது. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; உறுமலும் 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் இருக்கும். லப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் உடனே நின்றால் இது எர்த் வளையம்: லப்டொப் ஒரு வழியாலும் ஸ்பீக்கர் செட் வேறு வழியாலும் எர்த்தைத் தொட்டு, இடையிலுள்ள ஒலி வயர் வழியாக மின்னோட்டம் சுற்றுகிறது. லப்டொப்பையும் செட்டையும் ஒரே மல்டி பிளக்கில் போடுங்கள். டிவியும் சேர்ந்திருந்தால் டிஷ் அன்டெனா வயரைக் கழற்றிப் பாருங்கள். கூரையிலிருந்து வரும் அந்த வயர் இன்னொரு எர்த் பாதை. தீராவிட்டால் அடப்டருக்கு முன்னால் ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைப் பிரித்து வைக்கும் சிறு கருவி) போடலாம். ஏடியூஎம்4160 சிப் கொண்டவை 12 மெகாபிட் வேகம் வரைதான் வேலை செய்யும், மலிவான அடப்டருக்கு அதுவே போதும். ஒலி வயரில் போடும் டிரான்ஸ்ஃபோமர் வகை மலிவானவை தாழ்சுருதியைக் குறைக்கும், மூன்று வேண்டியும் வரும். அதனால் யூஎஸ்பி வகையே மேல்.

உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுவதும், 13 ஆம்பியர் சொக்கெட்டின் எர்த் துளைக்குள் பேனா மூடியைக் குத்தி இரண்டு பின் பிளக்கைத் தள்ளுவதும் வீடுகளில் நடக்கின்றன. செய்யவே வேண்டாம். உள்ளே காப்பு விட்டுப்போனால் சப்வூஃபரின் உலோகத் தகட்டுக்கு 230 வோல்ட் வந்து நிற்கும். அப்போது அதைத் தரைக்கு இறக்க எர்த் இருக்காது.

கடலோர வீடுகளுக்கு

உப்புவெளி, நிலாவெளி, டச்பே, திருக்கடலூர்ப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலோரம் செட்டை வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் தொடும் முன் ஜாக்கைப் பாருங்கள். உப்புக் காற்று மெல்லிய முலாமைத் தின்றுவிட்டு அடியிலுள்ள பித்தளையைப் பிடிக்கிறது. டோர்ச் அடித்தால் பிளக்கின் வளையத்தைச் சுற்றிப் பச்சைப் பொடியோ மங்கிய கறுப்போ தெரியும். சோதனை ஒலியை ஓடவிட்டுப் பிளக்கை விரலால் மெல்லத் திருகுங்கள். கரகரத்து, ஒலி ஒருபக்கம் சாய்ந்து, மறுபடி வந்தால் நோய் அதுதான். மார்கழி மழையின் ஈரத்தில் இது கூடும். கச்சான் காற்றுக் காலத்தில் ஈரம் குறைந்தாலும் படிந்த உப்பு போகாது.

பிளக்கை ஐசோபுறொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். துளைக்குள் கொன்டக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, பிளக்கை இருபது தடவை சொருகி எடுங்கள். பாமசியில் கிடைக்கும் 70 வீத ஸ்பிரிட்டில் மீதி தண்ணீர். வேறு வழியில்லாமல் அதைப் பாவித்தால் ஒரு நாள் காயவிட்டே மின்சாரம் கொடுங்கள். அரத்தாள் வேண்டாம், மிஞ்சியிருக்கும் முலாமையும் அது எடுத்துவிடும். பாவிக்காத ஜாக்குகளையும் மாதம் ஒருமுறை சொருகி எடுத்தால் படலம் தங்காது.

லினக்ஸில்

‘பல்ஸ்ஓடியோ வொலியூம் கொன்ட்ரோல்’ செயலியின் கடைசிப் பகுதியில் கருவியின் ‘புரொஃபைல்’ ஸ்டீரியோவில் நிற்கும். ‘அனலொக் சரவுண்ட் 5.1’ என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் சனல்களை முன், சென்டர், எல்எஃப்இ, பின் என்று அடுக்குகிறது. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சா முன், பின், சென்டர், எல்எஃப்இ என்று அடுக்குகிறது. ஒரு செயலி இந்த ஒழுங்கைப் பிழையாக எடுத்தால் வசனம் பின் இடதிலிருந்து பேசும். அப்போது வயரை மாற்ற வேண்டாம், செயலியின் ஒலி வெளியீட்டு அமைப்பை மாற்றுங்கள்.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோகும் முன்

ஐந்தாம் படியின் ஹெட்போன் சோதனையை இன்னொரு கணினியிலும் செய்யுங்கள். இரண்டு கணினியிலும், ‘கொன்ஃபிகர்’ பகுதியில் 5.1 தெரிவு செய்த நிலையில், ஒரே ஜாக் மௌனமாக இருந்தால் அடப்டர் பழுது. வேறு எந்த அறிகுறிக்கும் அதை மாற்றிக் கேட்பதில் பயனில்லை. மாற்றிக் கொடுத்தாலும் அதே குறை வீட்டில் காத்திருக்கும். கொண்டுபோகும்போது அடப்டரோடு ஒரு ஹெட்போனையும் அந்த ஆறு வரித் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். கடையின் கணினியிலேயே கறுப்பு ஜாக்கில் சொருகிப் பின் இடதைச் சொடுக்கிக் காட்ட ஒரு நிமிடம் போதும்.